நாரா நகரில் ஒருநாள் நடை: கோஃபுகுஜி முதல் காங்கோஜி வரை

கி.பி. 710 முதல் 784 வரை ஜப்பானின் தலைநகரமாக விளங்கிய நாரா, கியோத்தோவுக்குத் தெற்கே, மலைகள் சூழ்ந்த சமவெளி ஒன்றின் வடகிழக்கு மூலையில் அமைந்துள்ளது. சீனத்து டாங் அரசமரபின் தலைநகரான சாங்-ஆனை முன்மாதிரியாகக் கொண்டு, நேர்க்கோட்டுத் தெருக்கள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும்படி வகுக்கப்பட்ட அந்நகருக்கு அன்று ஹெய்ஜோ-கியோ என்று பெயர். 784இல் அரசவை நகரைவிட்டு வெளியேறியதும் மேற்கிலிருந்த அரண்மனைப் பகுதி படிப்படியாக வயல்வெளியாக மாறிவிட, கிழக்கில் குன்றுகளின் அடிவாரத்தில் இருந்த பெருங்கோயில்கள் மட்டும் தம் நிலங்களோடும் செல்வாக்கோடும் நிலைத்து நின்றன. பிற்கால ஊர் அவற்றைச் சுற்றியே வளர்ந்தது. இந்த இயலில் விவரிக்கப்படும் நடைவழி அக்கிழக்கு ஓரத்தைச் சுற்றிவரும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வட்டப்பாதை ஆகும். 1998இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற நாராவின் எட்டு இடங்களில் ஐந்து இப்பாதையின் மீதோ அதன் ஓரத்திலோ உள்ளன.

பெரும்பாலான பயணிகள் கியோத்தோவிலிருந்து காலையில் வந்து, மான்களுக்குத் தீனி கொடுத்து, பெரிய புத்தரைக் கண்டு, பிற்பகலில் திரும்பிவிடுகிறார்கள். அவ்வாறு பார்ப்பவர்களுக்கு எல்லாம் ஒரே காலத்தவையாக, 1,300 ஆண்டுப் பழமை உடையவையாகத் தோன்றும். உண்மையில் நாராவின் கட்டடங்கள் தீயாலும் போராலும் பலமுறை அழிந்து, வெவ்வேறு நூற்றாண்டுகளில் மீண்டும் எழுப்பப்பட்டவை. ஒரே மண்டபத்தில் 8ஆம் நூற்றாண்டுப் பகுதியும் 13ஆம் நூற்றாண்டுப் பகுதியும் அடுத்தடுத்து நிற்பதும், ஒரே சிலையில் உடலுக்கும் தலைக்கும் 900 ஆண்டு இடைவெளி இருப்பதும் இங்கு இயல்பு. ஆகவே இந்நடையை மேற்கொள்பவர் ஒவ்வொரு பொருளின் முன்னும் நின்று, இதில் எந்தப் பகுதி எந்தக் காலத்தது என்று தனித்தனியே கேட்டறிவதே நாராவைக் காண்பதற்குரிய சரியான முறையாகும். பின்வரும் விவரிப்பும் அம்முறையிலேயே அமைந்துள்ளது.

புறப்படும் முன்

நாராவில் இரண்டு முக்கிய ரயில் நிலையங்கள் உள்ளன. கின்டெட்சு என்ற தனியார் ரயில் நிறுவனத்தின் நாரா நிலையம் கோயில்களுக்கு மிக அருகில் இருப்பதால் இந்நடைக்கு அதுவே ஏற்றது. கியோத்தோவிலிருந்து அதன் விரைவு வண்டியில் சுமார் 35 நிமிடங்களிலும், ஒசாகாவின் நம்பா நிலையத்திலிருந்து சுமார் 40 நிமிடங்களிலும் வந்து சேரலாம். ஜே.ஆர். நிறுவனத்தின் நாரா நிலையத்தில் இறங்குபவர்கள் சஞ்சோ வீதி வழியாகக் கிழக்கு நோக்கி மேலும் 15 முதல் 20 நிமிடங்கள் நடக்க வேண்டியிருக்கும். கனமான பைகளை நிலையத்திலுள்ள காசுப்பெட்டகங்களில் வைத்துவிட்டுப் புறப்படுவது நல்லது. சிறு கோயில்களில் நுழைவுக்கட்டணத்தை ரொக்கமாகவே பெறுவதுண்டு என்பதால் நாணயங்கள் கைவசம் இருக்க வேண்டும். மண்டபங்களுக்குள் காலணியைக் கழற்ற வேண்டிய இடங்கள் சில உண்டு. எளிதில் கழற்றி மாட்டத்தக்க காலணியும், நம் மார்கழிக் குளிரோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குளிரும் பனிக்காலத்தில் தடித்த காலுறையும் தேவை. ஏப்ரல் முதல் வாரத்துச் செர்ரி மலர்க் காலமும் நவம்பர் பிற்பகுதியில் இலைகள் சிவக்கும் காலமும் கண்ணுக்கு விருந்தானவை, கூட்டமும் மிகுந்தவை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் புழுக்கம் சென்னைக் கோடைக்குப் பழகியவர்களையும் தளரச் செய்யும்.

பெயர்களின் ஈற்றைக் கவனித்தால் இடத்தின் தன்மை புலப்படும். ‘ஜி’ என முடிபவை பௌத்த மடாலயங்கள். ‘தாய்ஷா’, ‘ஜின்ஜா’, ‘கூ’ என முடிபவை ஜப்பானின் மரபுவழித் தெய்வங்களுக்குரிய ஷின்தோ கோயில்கள். ஷின்தோ கோயிலில் இருமுறை குனிந்து வணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை குனிந்து வணங்குவது முறை. பௌத்த மடாலயத்தில் கைதட்டுவதில்லை, கைகூப்பினால் போதும்.

காலை 8:30 மணியளவில் நிலையத்திலிருந்து புறப்பட்டால், இடைவேளைகளையும் சேர்த்து, மாலை 4 மணிக்குச் சற்றுப் பின்னர் இறுதி இடமான காங்கோஜியை அடையலாம்.

கோஃபுகுஜி

நிலையத்தின் வாயிலுக்கு எதிரே நீரூற்றின் நடுவில் கியோகி என்ற துறவியின் சிலை நிற்கிறது. 668 முதல் 749 வரை வாழ்ந்த இவர், அரசின் அனுமதியின்றி மக்களிடையே சென்று போதித்ததற்காகத் தொடக்கத்தில் கண்டிக்கப்பட்டவர். பாலங்களும் ஏரிகளும் அமைத்து மக்களின் அன்பைப் பெற்றபின், பெரிய புத்தர் சிலைக்காக நிதி திரட்டும் பணிக்கு அதே அரசால் அழைக்கப்பட்டவர். அங்கிருந்து ஹிகாஷிமுக்கி என்னும் கூரையிட்ட கடைத்தெரு வழியே தெற்காக நடந்து, சஞ்சோ வீதியில் இடப்புறம் திரும்பினால், சில நிமிடங்களில் சாருசாவா குளம் வரும். சுமார் 360 மீட்டர் சுற்றளவுள்ள இக்குளத்தின் கரையிலிருந்து மேலேறும் 52 படிகள், போதிசத்துவர் ஒருவர் ஞானநிலையை அடையக் கடக்க வேண்டிய 52 நிலைகளைக் குறிப்பன என்பர். படிகளின் உச்சியில் தொடங்குகிறது கோஃபுகுஜி.

இது ஃபுஜிவாரா என்ற பெருங்குடியின் குலக்கோயில். தலைநகரோடு சேர்ந்து 710இல் நாராவுக்கு வந்தது. இங்குள்ள ஐந்தடுக்குக் கோபுரத்தை 730இல் பேரரசி கோமியோ எழுப்பினார் என்றாலும், அது ஐந்து முறை எரிந்துபோக, இப்போதுள்ளது 1426இல் கட்டப்பட்டது. சுமார் 50 மீட்டர் உயரமுள்ள இது, கியோத்தோவின் தோஜி கோபுரத்துக்கு அடுத்தபடியாக ஜப்பானின் இரண்டாவது உயரமான மரக்கோபுரம். 2023இல் தொடங்கிய பெரும் பழுதுபார்ப்புப் பணி பல ஆண்டுகள் நீடிப்பது என்பதால், பணி முடியும்வரை கோபுரம் மூடுசட்டங்களுக்குள் மறைந்திருக்கும். நடுவிலுள்ள பொன் மண்டபமோ 2018இல் மீட்டுக் கட்டி முடிக்கப்பட்டது. கோயிலைச் சுற்றி மதில் இல்லாதிருப்பது பலரை வியக்கவைக்கும். 1868இல் மெய்ஜி அரசு பௌத்தத்தையும் ஷின்தோவையும் பிரிக்கும் ஆணையை வெளியிட்டபோது, கோஃபுகுஜியின் துறவிகள் கசுகா ஷின்தோ கோயிலின் பூசகர்களாக மாறினர். மடத்தின் நிலங்கள் பறிபோயின, மதில்கள் இடிக்கப்பட்டன, 1880இல் அவ்விடத்தை உள்ளடக்கி நாரா பூங்கா உருவாயிற்று. மடமும் பூங்காவும் இன்று எல்லையின்றிக் கலந்து கிடப்பதன் பின்னணி இதுவே.

இங்கு நேரம் குறைவாக உள்ளவர்கள் மண்டபங்களை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, காலை 9 மணிக்குத் திறக்கும் தேசியப் பொக்கிஷக் காட்சியகத்துக்குள் செல்ல வேண்டும். அங்குள்ள அசுரர் சிலை 734இல் செய்யப்பட்டது. மூன்று முகமும் ஆறு கையும் கொண்டு, சுமார் 153 சென்டிமீட்டர் உயரத்தில் மெலிந்த சிறுவனைப் போல் நிற்கும் இவ்வுருவம், புத்தரின் போதனையைக் கேட்டுச் சினம் தணிந்து அவருடைய காவலர் எண்மருள் ஒருவரான அசுரரைக் காட்டுகிறது. நடு முகத்தின் புருவங்கள் நெரிந்திருப்பதையும், அக்கண்களில் சினத்துக்கு மாறாக ஒரு வருத்தம் தங்கியிருப்பதையும் அருகில் நின்று காண வேண்டும். இச்சிலை செய்யப்பட்ட முறையும் அறியத்தக்கது. களிமண்ணால் உருவம் வனைந்து, அதன்மேல் உருஷி என்னும் மரப்பாலில் தோய்த்த சணல்துணியைப் பல அடுக்குகளாக ஒட்டி, காய்ந்ததும் உள்ளிருக்கும் மண்ணை அகற்றிவிட்டு மரச்சட்டம் பொருத்துவார்கள். உட்புறம் வெறுமையாக இருப்பதால் சிலையின் எடை மிகக் குறைவு. தீப்பிடித்த ஒவ்வொரு முறையும் இச்சிலைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேற முடிந்தது. கட்டடங்கள் பிற்காலத்தனவாக இருக்க, சிலைகள் 8ஆம் நூற்றாண்டினவாகத் தப்பியிருப்பதற்கு இந்தக் குறைந்த எடையே பெருமளவு காரணமாகும்.

மான்கள்

கோஃபுகுஜியிலிருந்து கிழக்கே நடக்கத் தொடங்கியதுமே மான்கள் எதிர்ப்படும். பூங்காவிலும் சுற்றுப்புறத்திலும் சுமார் 1,300 மான்கள் வாழ்கின்றன. இவை யாருடைய வளர்ப்பு விலங்குகளும் அல்ல. 1957இல் இயற்கைச் சின்னமாக அறிவிக்கப்பட்ட காட்டு விலங்குகள். கசுகா கோயிலின் தெய்வங்களுள் ஒருவரான தாகெமிகாசுச்சி, கிழக்கு ஜப்பானின் காஷிமாவிலிருந்து வெள்ளை மானின்மீது ஏறி இங்கு வந்தார் என்ற நம்பிக்கையால், அவை தெய்வத்தின் தூதர்களாகக் கருதப்பட்டு நூற்றாண்டுகளாகக் காக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போரின் முடிவில், 1945இல், அவற்றின் எண்ணிக்கை 79ஆகச் சுருங்கிவிட்டது. இன்று காணும் மந்தை அதன்பின் மீண்டெழுந்தது.

வழியெங்கும் விற்கப்படும் மான் பிஸ்கட், அரிசித் தவிட்டாலும் மாவாலும் சர்க்கரையின்றிச் செய்யப்படுவது. அதன் விற்பனையில் ஒரு பகுதி மான்களின் பாதுகாப்புக்குச் செல்கிறது. இதைத் தவிர வேறு எதையும் அவற்றுக்குக் கொடுக்கக் கூடாது. ரொட்டியும் சிப்ஸும் அவற்றின் வயிற்றுக்குத் தீங்கானவை. உணவின் மணம் படிந்த பிளாஸ்டிக் உறைகளை விழுங்கி மான்கள் இறந்திருக்கின்றன. கையில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு, காட்டிக் காட்டி இழுத்தடிப்பவர்களே பெரும்பாலும் கடிபடுகிறார்கள். தலையை ஆட்டி ஆட்டி வணங்குவதுபோல் மான் செய்வது தீனிக்காகப் பொறுமையிழந்து நிற்பதன் அடையாளம் என்று கொண்டு, உடனே கொடுத்துவிட வேண்டும். தீர்ந்ததும் இரு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினால் அவை விலகிச் செல்லும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை இனச்சேர்க்கைக் காலமாதலால் கலைமான்களும், மே முதல் ஜூலை வரை கன்றீன்ற பெண்மான்களும் முட்டக்கூடும். சிறு குழந்தைகளை அந்நாட்களில் கைப்பிடியிலிருந்து விடக் கூடாது. காயங்களைத் தவிர்ப்பதற்காகக் கலைமான்களின் கொம்புகளை அறுக்கும் சடங்கு, 17ஆம் நூற்றாண்டிலிருந்து தொடர்ந்து, இன்றும் அக்டோபரில் நடைபெறுகிறது.

மரங்களையும் ஒருமுறை நோக்க வேண்டும். பூங்காவின் மரங்களில் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே வரை தாழ்ந்த கிளைகளே இல்லாமல், இலைப்பரப்பின் அடிவிளிம்பு அளந்து வெட்டியதுபோல் ஒரே மட்டத்தில் ஓடும். மானின் கழுத்து எட்டும் எல்லை அது. அதற்குக் கீழே தளிர்த்தவை அனைத்தும் மேயப்பட்டுவிட்டன.

தோதாய்ஜி

வலப்புறம் வரும் நாரா தேசிய அருங்காட்சியகம் 1895இல் திறக்கப்பட்டது. இலையுதிர்காலத்தில் இங்கு நடைபெறும் ஷோசோயின் கருவூலப் பொருள்களின் கண்காட்சியின்போது வருபவர்கள் தனியே அரைநாள் ஒதுக்க வேண்டும். பிற நாட்களில் நேரே கடந்துசென்று, இடப்புறம் திரும்பினால் தோதாய்ஜி மடத்தின் நாந்தாய்மோன் என்ற தெற்குப் பெருவாயில் கண்முன் எழும்.

தோதாய்ஜியின் வரலாற்றில் இரு பேரழிவுகள் உண்டு. 1180இல் தாய்ரா குடியின் படை நாராவுக்குத் தீ வைத்தபோது ஒருமுறையும், 1567இல் உள்நாட்டுப் போரில் மற்றொரு முறையும் பெரிய புத்தர் மண்டபம் சாம்பலாயிற்று. முதல் அழிவுக்குப்பின் மீட்டுக் கட்டும் பொறுப்பு, 61 வயதான சோகென் என்ற துறவியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் சீனத்துக் கைவினைஞர் ஒருவரின் துணையோடு 1199இல் எழுப்பிய வாயிலே இன்று நிற்பது. இதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், இடையில் தளமோ மேற்கவிகையோ இல்லாமல், 18 பெருந்தூண்கள் நேரே கூரைவரை ஓடுவதும், தூண்களைத் துளைத்துச் செருகப்பட்ட குறுக்குச் சட்டங்கள் படிப்படியாக வெளிநீண்டு கூரையின் விளிம்பைத் தாங்குவதும் தெரியும். ஒரே மாதிரியான சட்டங்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால் வேலை விரைந்தது, நிலநடுக்கத்துக்கு ஈடுகொடுக்கும் உறுதியும் கிட்டியது. அலங்காரம் ஏதுமின்றி, கட்டுமானமே அழகாகி நிற்கும் இவ்வாயிலை நாராவின் கட்டடங்களுள் முதன்மையானதாகக் கொள்வது மிகையாகாது. புத்தரை நோக்கி விரையும் கூட்டம் இதைத் தாண்டிச் செல்லும் வேகம் வருந்தத்தக்கது.

வாயிலின் இருபுறமும் கம்பி வலைக்குப்பின், 8 மீட்டருக்கும் மேலான உயரத்தில், ஒன்றையொன்று நோக்கி நிற்கும் காவலர் சிலைகள் 1203இல் உன்கேய், காய்கேய் முதலிய சிற்பிகளால் 69 நாட்களில் முடிக்கப்பட்டவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3,000 மரத்துண்டுகளை இணைத்து ஆக்கப்பட்டது. தனித்தனித் துண்டுகளைப் பலர் ஒரே வேளையில் செதுக்கியதால்தான் இவ்வளவு குறுகிய காலம் போதியதாயிற்று. ஒருவர் வாய் திறந்தும் மற்றவர் வாய் மூடியும் இருப்பது, சமஸ்கிருத எழுத்துகளின் முதலையும் முடிவையும், அதன்வழி அனைத்தின் தோற்றத்தையும் ஒடுக்கத்தையும் குறிக்கும்.

பெரிய புத்தர் மண்டபம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காலை 7:30 மணிக்கும் மற்ற மாதங்களில் 8 மணிக்கும் திறக்கிறது. நாராவிலேயே இரவு தங்குபவர்கள், இந்நடையின் வரிசையை மாற்றி, திறந்தவுடன் இங்கு வந்துவிட்டுப் பின்னர் கோஃபுகுஜிக்குத் திரும்பலாம். கியோத்தோவிலிருந்து வரும் கூட்டம் 10 மணிக்குமேல்தான் நிறையும். மண்டபத்துக்கு முன் முற்றத்தில் நிற்கும் எண்கோண வெண்கல விளக்கை முதலில் பார்க்க வேண்டும். இரு பேரழிவுகளிலும் தப்பிய 8ஆம் நூற்றாண்டுப் பொருள் இது. இதன் பலகைகளில் குழலும் தாளமும் இசைக்கும் போதிசத்துவர்கள், பின்னல் வேலைப்பாட்டின்மீது புடைப்பாக நிற்கிறார்கள். கன்னத்தின் திரட்சியும் காற்றில் நெளியும் ஆடையின் மடிப்பும் கையெட்டும் தொலைவில் காணக் கிடைக்கின்றன.

மண்டபம் 1709இல் முடிந்தது. 57 மீட்டர் அகலமும் ஏறத்தாழ 49 மீட்டர் உயரமும் கொண்ட இது, 86 மீட்டர் அகலமாக இருந்த 8ஆம் நூற்றாண்டு மண்டபத்தைவிட மூன்றில் ஒரு பங்கு குறுகியது. நிதியும் பெருமரமும் போதாமையே காரணம். உள்ளே உள்ள தூண்களை நெருங்கிப் பார்த்தால், அவை ஒற்றை மரங்கள் அல்ல, பல மரங்களைச் சேர்த்து இரும்புப் பட்டைகளால் இறுக்கியவை என்பது தெரியும். காடுகளில் அத்தகைய பெருமரங்கள் அப்போது அரிதாகியிருந்தன என்பதற்கு அப்பட்டைகளே சான்று.

சுமார் 15 மீட்டர் உயரமுள்ள வெண்கலப் புத்தர், வைரோசனர். பேரண்டம் முழுவதும் ஒளியாய் நிறைந்தவராக அவதம்சக சூத்திரம் போற்றும் புத்தர். 735 முதல் 737 வரை பெரியம்மை நாட்டைச் சூறையாட, பஞ்சமும் கலகமும் தொடர்ந்தபின், பேரரசர் ஷோமு 743இல் இச்சிலையை அமைக்கும் ஆணையை வெளியிட்டார். ஒரு பிடி மண்ணையோ ஒரு புல்லையோ மட்டும் கொண்டுவர இயன்றவராயினும் விரும்பினால் பணியில் சேரலாம் என்று அதில் அவர் கூறியிருந்தார். வார்ப்பு வேலை 747இல் தொடங்கி, கீழிருந்து மேலாக எட்டுக் கட்டங்களில், 749இல் முடிந்தது. சுமார் 500 டன் செம்பு செலவாயிற்று. இன்று காணும் தலை, 1567 தீயில் பழைய தலை உருகியபின் 17ஆம் நூற்றாண்டில் வார்க்கப்பட்டது. அத்தீக்குப்பின் புதிய மண்டபம் எழும்வரை சிலை நெடுங்காலம் வெட்டவெளியில் மழையில் நனைந்து கிடந்தது. 8ஆம் நூற்றாண்டின் கைவண்ணத்தைக் காண விரும்புவோர் முகத்தைவிட்டுப் பார்வையைக் கீழே இறக்கி, பீடத்தின் தாமரை இதழ்களை நோக்க வேண்டும். அவற்றில் புத்தர்களும் உலகங்களும் மெல்லிய கோடுகளாகக் கீறப்பட்டுள்ளன.

752இல் நடைபெற்ற கண் திறப்புச் சடங்கில் தமிழ் வாசகர்கள் மனங்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சிலையின் கண்மணியைத் தூரிகையால் எழுதி அதற்கு உயிரூட்டும் அச்சடங்கை நடத்தியவர், 736இல் ஜப்பானுக்கு வந்த போதிசேனர் என்ற இந்தியத் துறவி. ஜப்பானிய ஆவணங்கள் அவரைத் தென்னிந்திய அந்தணர் என்று குறிப்பிடுகின்றன. அவர் பிடித்த தூரிகையில் நீண்ட கயிறு கட்டப்பட்டு, கீழே நின்ற முன்னாள் பேரரசர் ஷோமு உள்ளிட்டோர் அதைப் பற்றிக்கொண்டு அந்தப் புண்ணியத்தில் பங்கேற்றனர். தூரிகையும் கயிறும் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் உள்ளன. தமிழகத்தில் சிற்பியர் விக்கிரகத்தின் கண் திறக்கும் சடங்கை அறிந்தவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஷோமு, கியோகி, முதல் தலைமைத் துறவி ரோபென் ஆகியோருடன் போதிசேனரும் தோதாய்ஜியின் நான்கு மூலவர்களுள் ஒருவராக மதிக்கப்படுகிறார். 760இல் அவர் நாராவிலேயே மறைந்தார்.

வெளியேறும்போது வாயிலின் அருகே சிவப்புத் துணி போர்த்து அமர்ந்திருக்கும் மரச்சிலை பின்சுரு. புத்தரின் சீடரான பிண்டோலரின் ஜப்பானிய வடிவம். உடலில் நோவுள்ள இடத்துக்கு ஒத்த இடத்தை அச்சிலையில் தடவுவது மக்கள் வழக்கம்.

வாரநாட்களில் வருபவர்கள் மண்டபத்துக்குப் பின்புறம் வடக்கே சில நிமிடங்கள் நடந்து ஷோசோயினை வெளியிலிருந்து காணலாம். முக்கோண வெட்டுள்ள மரக்கட்டைகளை அடுக்கி, தரையிலிருந்து ஆள் உயரத்துக்கும் மேலே தூண்களில் ஏற்றி நிறுத்தப்பட்ட இக்கருவூலத்தில், 756இல் கணவர் ஷோமு இறந்தபின் பேரரசி கோமியோ அவருடைய உடைமைகளைப் புத்தருக்குக் காணிக்கையாக்கினார். அவற்றுள் ஒன்று, இந்தியாவில் தோன்றியதாகக் கருதப்படும் ஐந்து நரம்பு வீணைவகை இசைக்கருவி. அவ்வகையில் உலகில் எஞ்சியிருக்கும் பழங்கருவி அது ஒன்றே.

நிகாட்சுதோவும் ஹொக்கேதோவும்

மண்டபத்தின் பின்னிருந்து கிழக்கே மேடேறும் பின்வழியையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஓட்டுத் துண்டுகள் பதித்த மண்சுவர்களுக்கு இடையே கற்படிகள் வளைந்தேறும் அவ்வழியில் கூட்டம் குறைவு. சுமார் 10 நிமிடங்களில் சரிவின்மீது தூண்களால் தாங்கப்பட்டு நிற்கும் நிகாட்சுதோ மண்டபம் வரும். இது 1667இல் வழிபாட்டின்போதே எரிந்து, 1669இல் மீண்டும் கட்டப்பட்டது. ஆனால் இங்கு நிகழும் ஷுனி-ஏ என்ற பாவமன்னிப்பு வழிபாடு 752இல் தொடங்கி ஓராண்டும் தடைப்படாமல் தொடர்கிறது. மண்டபத்தைவிட வழிபாடு 900 ஆண்டுகள் மூத்தது. மார்ச் 1 முதல் 14 வரை ஒவ்வொரு மாலையும் நீண்ட மூங்கில் தீப்பந்தங்களை ஏந்தியவர்கள் மாடத்தின் விளிம்பில் ஓட, கீழே நிற்பவர்கள்மீது தீப்பொறிகள் பொழியும். அவை நோயின்மையைத் தரும் என்பது நம்பிக்கை. மற்ற நாட்களில் இம்மாடம் எந்நேரமும் கட்டணமின்றித் திறந்திருக்கும். மேற்கே பெரிய புத்தர் மண்டபத்தின் கூரையும் அதற்கப்பால் நகரும் தெரியும். அருகிலுள்ள ஓய்வுக்கூடத்தில் தேநீர் இலவசமாகக் கிடைக்கும்.

தெற்கே அடுத்து நிற்கும் ஹொக்கேதோ, தோதாய்ஜியின் மிகப் பழைய கட்டடம். அதைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் இரு கட்டடங்கள் ஒரே கூரையால் தைக்கப்பட்டிருப்பது தெரியும்: வடபகுதி 8ஆம் நூற்றாண்டினது, தென்பகுதி 13ஆம் நூற்றாண்டில் சேர்த்தது. உள்ளே மூன்று கண்ணும் எட்டுக் கையும் உடைய அமோகபாச அவலோகிதர், முன்பு கூறிய உருஷி முறையில் செய்யப்பட்டு, 3.6 மீட்டர் உயரத்தில் நிற்கிறார். இருக்கையில் அமர்ந்து இருளுக்குக் கண் பழகும்வரை காத்திருக்க வேண்டும்.

கசுகா தாய்ஷா

தாமுகேயாமா ஹாச்சிமன்கூ என்ற சிறு ஷின்தோ கோயிலைக் கடந்து தெற்கே நடந்தால், 342 மீட்டர் உயரமுள்ள வாகாகுசா புல்மலையின் அடிவாரத்தில் சிற்றுண்டிக் கடைகள் உள்ளன. மதிய உணவுக்கு இதுவே வசதியான இடம். சைவ உணவினர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: காய்கறி மட்டும் இட்ட நூடுல்ஸ் ஆனாலும் அதன் சாறு உலர்ந்த மீன்சீவலில் காய்ச்சப்படுவது வழக்கம், நாராவின் சிறப்புணவான சீமைப்பனிச்சை இலை சூஷியும் மீன் வைத்ததே. அவரை விழுது பொதிந்த அரிசிமாவுப் பணியாரமான மோச்சியும், கையோடு கொண்டுவரும் உணவும் பாதுகாப்பானவை. கையுணவை மான்களுக்கு எட்டாமல் உண்ண வேண்டும்.

அங்கிருந்து 15 நிமிட மர நிழல் நடையில் கசுகா தாய்ஷா. 768இல் நிறுவப்பட்ட இது ஃபுஜிவாரா குடியின் ஷின்தோ கோயில். 1868 வரை கோஃபுகுஜியும் இதுவும் நடைமுறையில் ஒரே நிறுவனமாக இயங்கின. வழிநெடுக நிற்பவையும் தாழ்வாரங்களில் தொங்குபவையுமாகச் சுமார் 3,000 விளக்குகள் உள்ளன. ஏறத்தாழ 2,000 கல்விளக்குகள், 1,000 உலோக விளக்குகள். பிப்ரவரி 3ஆம் நாளை ஒட்டிய செட்சுபுன் விழாவிலும் ஆகஸ்ட் 14, 15 தேதிகளிலும் இவை அனைத்தும் ஏற்றப்படும். மற்ற நாட்களில் உட்கோயிலின் இருட்டறை ஒன்றில் சில விளக்குகளை எரியவைத்துக் காட்டுகிறார்கள். காலத்தைத் தேடும் இந்நடையில் கசுகா மாறான பாடம் தருகிறது. 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை கோயிலைப் புதுப்பிப்பது இங்கு மரபு; 60ஆவது புதுப்பிப்பு 2016இல் நிறைவுற்றது. செந்தூர நிறம் புத்தம்புதிதாக இருப்பது பழமையின் குறைவன்று, அதுவே இங்குள்ள பழமை. கோயிலின் பின்னுள்ள காட்டில் வேட்டையும் மரம் வெட்டுதலும் 841இலேயே தடை செய்யப்பட்டன.

ஷின் யாகுஷிஜியும் நாராமாச்சியும்

கோயிலின் தெற்கிலிருந்து காட்டுக்குள் இறங்கும் மண்பாதை தாகாபாதாக்கே என்ற அமைதியான குடியிருப்புப் பகுதிக்கு இட்டுச் செல்கிறது. இருபுறமும் அடர்ந்த அசெபி மரங்களின் இலை நச்சுத்தன்மை உடையது. மான்கள் அதைத் தொடுவதில்லை என்பதால்தான் இங்குமட்டும் கிளைகள் தாழ்ந்து தழைத்திருக்கின்றன. மழைக்குப்பின் பாதை வழுக்கும். பாதையின் முடிவில், நாவலாசிரியர் ஷிகா நாவோயா தாமே வடிவமைத்து 1938 வரை வாழ்ந்த வீடு பார்வைக்குத் திறந்துள்ளது.

சில திருப்பங்களுக்குப்பின் வரும் ஷின் யாகுஷிஜி, ஷோமு நோயுற்றபோது அவர் நலம்பெற வேண்டிக் கோமியோ 747இல் நிறுவியது. எஞ்சிய 8ஆம் நூற்றாண்டு மண்டபத்தின் உள்ளே, வட்டமான மண்மேடையின் நடுவில் மருத்துவ புத்தர் அமர்ந்திருக்க, ஆளுயரக் களிமண் சிலைகளாகப் பன்னிரு படைத்தலைவர்கள் வெளிநோக்கிச் சூழ்ந்து நிற்கிறார்கள். பதினொருவர் 8ஆம் நூற்றாண்டினர். ஒருவர் மட்டும் 1931இல் செய்து சேர்க்கப்பட்டவர். தலைமயிர் சுடர்போல் எழுந்து நிற்க, வாய்திறந்து கத்தும் தலைவரின் கழுத்து நரம்புகளையும், கவசத்தின் மடிப்புகளில் இன்னும் ஒட்டியிருக்கும் வண்ணத்தையும் விளக்கொளியில் தேடிப் பார்க்கலாம். நனைந்தால் கரைந்துபோகும் வெறும் மண் இத்தனை நூற்றாண்டுகள் நின்றிருப்பது, இந்நடையில் காணும் அனைத்திலும் வியப்பானது. கூட்டம் இங்கு வருவதில்லை.

மேற்கே 25 நிமிட நடையில் நாராமாச்சி. காங்கோஜி மடத்தின் பரந்த நிலம் இடைக்காலத்தில் சுருங்க, அங்கு வணிகர்கள் குடியேறி உருவான தெருக்கள் இவை. முகப்பு குறுகி உள்ளே நீண்டு செல்லும் மரச்சட்ட வீடுகளின் இறவாணத்தில் சிவப்புத் துணிக்குரங்குகள் சரமாகத் தொங்கும். வீட்டாருக்கு வரும் தீங்கைத் தாம் ஏற்பவை என்பது நம்பிக்கை. அவ்வமைப்பை உள்ளே சென்று காண, கட்டணமில்லாத மாதிரி வீடு ஒன்றும் உண்டு. மையும் தூரிகையும் செய்யும் பழங்கடைகள் இவ்வூரின் சிறப்பு.

காங்கோஜி மாலை 5 மணிக்கு மூடும். 4:30க்குள் நுழைந்துவிட வேண்டும். ஜப்பானின் முதல் முழுமையான பௌத்த மடமான ஆசுகாதேரா, 718இல் தலைநகருக்கு இடம்பெயர்ந்தபோது பெற்ற பெயர் இது. அந்த முதல் மடத்தைக் கட்டக் கொரியாவின் பெக்ஜே நாட்டிலிருந்து 588இல் ஓடு செய்யும் கைவினைஞர்கள் வந்தனர். மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்புறம் சென்று, அதற்கும் மேற்கிலுள்ள தியானக் கூடத்துக்கும் இடையே நின்று கூரையைப் பார்க்க வேண்டும். சாம்பல்நிற ஓடுகளுக்கிடையே சிவப்பும் பழுப்பும் கருமையும் கலந்து, சீரற்ற வரிசையில் கிடப்பவற்றுள் அக்கைவினைஞர் காலத்து ஓடுகளும் உள்ளன. 1,400 ஆண்டுகளாக அவை கூரை ஓடுகளாகவே மழை தாங்கி வருகின்றன. காட்சியகத்துக்குள் 5.5 மீட்டர் உயரமுள்ள 8ஆம் நூற்றாண்டின் சிறு ஐந்தடுக்குக் கோபுரமும் உண்டு. மூடுசட்டங்களால் கோஃபுகுஜி கோபுரத்தைக் காண இயலாதவர்கள், எரியாமல் தப்பிய இதில் நாரா காலக் கட்டட அமைப்பையே காணலாம்.

இங்கிருந்து கின்டெட்சு நிலையம் 15 நிமிட நடை. அரைநாள் மட்டுமே உள்ளவர்கள் எல்லாவற்றையும் ஓடிப் பார்க்க முயலாமல், கோஃபுகுஜி காட்சியகம், நாந்தாய்மோன், பெரிய புத்தர் மண்டபம், நிகாட்சுதோ ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. முழுநாள் இருந்தும் கால் தளர்ந்தவர்கள் கசுகாவிலிருந்து பேருந்தில் நாராமாச்சிக்கு இறங்கிவிடலாம். ஆனால் ஷின் யாகுஷிஜியை மட்டும் விட்டுவிட வேண்டாம்.